ஃபெயில்2பேன்: சர்வரின் லாக் கோப்புகளுக்குக் காவல் வைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பொது ஐபி முகவரியுடன் ஒரு லினக்ஸ் சர்வரை இணையத்தில் திறந்து வைத்தால், யாரிடமும் அந்த முகவரியைச் சொல்லாவிட்டாலும் அன்றைக்கே கதவைத் தட்டத் தொடங்கிவிடுவார்கள். ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு என்று பெயர்களை மாற்றி மாற்றிக் கடவுச்சொல்லை ஊகிக்கும் தானியங்கி நிரல்கள் அவை. ஒவ்வொரு முயற்சியும் லாக் கோப்பில் ஒரு வரியாகப் பதிவாகிறது. அந்த வரிகளைப் பின்னணியில் இருந்து இடைவிடாமல் படித்து, அளவு மீறிய முகவரியை ஃபயர்வாலில் (எந்த இணைப்பை விடுவது, எதை மறுப்பது என்று தீர்மானிக்கும் அரண்) தடுக்கும் நிரல்தான் ஃபெயில்2பேன்.

இதை நிறுவ 2 நிமிடம் போதும், சரியாக இயங்க வைக்கத்தான் பாடுபட வேண்டியிருக்கிறது. புதியவர்கள் பலர் நிறுவியதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் ஒரு தடைகூட விழாத சர்வர்களையும், உரிமையாளரையே வெளியே தள்ளிப் பூட்டிய சர்வர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் படிகளின் வரிசை தவறியதுதான். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செல்லுங்கள்.

டெபியன், உபுண்டு ஆகியவற்றை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் உச்சரிப்புப்படி தமிழில் தந்திருக்கிறேன், முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளில்தான், அதுவும் சிறிய எழுத்துகளில்தான் அடிக்க வேண்டும். டிஃபால்ட் என்ற பகுதித் தலைப்பு விதிவிலக்கு, அது முழுவதும் பெரிய எழுத்துகளில் இருக்க வேண்டும். மற்ற ஓரிரு விதிவிலக்குகளை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. தொடங்கும் முன்: உள்ளே வர இரண்டாவது வழி

முதலில் உங்கள் சர்வர் நிறுவனத்தின் கணக்குப் பக்கத்தில் இருக்கும் கன்சோல் வழியாக உள்ளே நுழைந்து பாருங்கள். அது எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய வழக்கமாகப் பயன்படும் பாதுகாப்பான முறை) வழியைப் பயன்படுத்தாததால் உங்கள் முகவரி தடுக்கப்பட்டாலும் திறந்தே இருக்கும். பலருக்கு அந்தக் கன்சோலில் நுழையத் தேவையான கடவுச்சொல் நினைவில் இருப்பதில்லை. அது தெரியவரும் நேரம், ஏற்கெனவே வெளியே பூட்டப்பட்டுவிட்ட நேரமாக இருக்கக் கூடாது.

"இன்னொரு முனையத்தைத் திறந்து வைத்திருக்கிறேன், அது போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. ஃபெயில்2பேன் தன் விதியை ஃபயர்வாலின் மற்ற விதிகளுக்கு முன்னால் செருகுகிறது. தடை முகவரிக்கு விழுவதால், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பும் அதே நொடியில் உறைந்துவிடும்.

அடுத்து, உங்கள் சொந்த ஐபி முகவரி நிலையானதா, மாறக்கூடியதா என்று தெரிந்துகொள்ளுங்கள். அலுவலகத்துக்கு நிலையான முகவரி இருந்தால் குறித்து வையுங்கள், 4ஆம் படியில் தேவைப்படும். வீட்டு இணைப்பாகவோ மொபைல் இணைப்பாகவோ இருந்தால் அது எப்போது வேண்டுமானாலும் மாறலாம். அதை நம்பி விலக்கு கொடுப்பதில் பயனில்லை.

மூன்றாவதாக, கடவுச்சொல்லுக்குப் பதிலாக எஸ்எஸ்ஹெச் சாவிக் கோப்பைப் பயன்படுத்துங்கள். இது ஃபெயில்2பேனுக்கு மாற்று என்பதால் அல்ல. ஃபெயில்2பேன் ஒரு முகவரியின் தவறுகளை எண்ணுகிறது. ஆயிரம் முகவரிகளிலிருந்து ஆளுக்கு 2 முயற்சி வந்தால் எதுவும் எல்லையைத் தொடாது, எதுவும் தடுக்கப்படாது. அத்தகைய பரவலான தாக்குதலிலிருந்து உங்களைக் காப்பது சாவியும், கடவுச்சொல் நுழைவை மூடி வைப்பதும்தான்.

2. லாக்கைக் கண்ணால் பாருங்கள்

நிரலை நிறுவும் முன்பே இதைச் செய்ய வேண்டும். ஃபெயில்2பேனுக்குத் தாக்குதல் என்றால் என்னவென்று தெரியாது. லாக்கில் எழுதப்பட்ட வரி மட்டுமே அதற்குத் தெரியும். வரி இல்லையென்றால் தடையும் இல்லை.

மொபைல் இணைப்பில் உள்ள ஒரு கருவியிலிருந்து, சர்வரில் இல்லாத ஒரு பயனர் பெயரைக் கொடுத்து நுழைய முயலுங்கள். பிறகு சர்வரில் அந்த முயற்சி எங்கே பதிவாகியிருக்கிறது என்று தேடுங்கள். உபுண்டுவிலும் பழைய டெபியனிலும் அது /வார்/லாக்/ஆத்.லாக் கோப்பில் இருக்கும். ரெட்ஹேட் குடும்பத்தில் செக்யூர் என்ற கோப்பு. டெபியன் 12 முதல், லாக் கோப்புகளை எழுதும் ஆர்சிஸ்லாக் நிரல் இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதனால் ஆத்.லாக் கோப்பே இருக்காது, பதிவுகள் சிஸ்டம்டியின் (லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) ஜர்னல் என்ற பதிவேட்டில் மட்டுமே இருக்கும். அங்கே 'ஜர்னல்சிடிஎல் -யு எஸ்எஸ்ஹெச்' என்ற கட்டளையால் பார்க்கலாம்.

நீங்கள் தேடும் வரியின் சாரம் இப்படி இருக்கும்: 'இன்வேலிட் யூசர் அட்மின் ஃப்ரம் 203.0.113.5 போர்ட் 41122'. அதில் 2 விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, முகவரி உண்மையில் உங்கள் மொபைலின் பொது முகவரிதானா? எல்லா வரிகளிலும் ஒரே உள் முகவரி தெரிந்தால் இடையில் ஏதோ ஒரு ப்ராக்ஸி (இணைப்புகளை இடையில் வாங்கித் தரும் சர்வர்) இருக்கிறது என்று பொருள். தடை போட்டால் அந்த ப்ராக்ஸிதான் தடுக்கப்படும், அதன் வழியே வரும் எல்லோரும் சேர்ந்து தடுக்கப்படுவார்கள்.

மற்றொன்று நேரம். வரியில் உள்ள நேரமும் 'டேட்' கட்டளை காட்டும் நேரமும் ஒத்துப்போக வேண்டும். பதிவு செய்யும் நிரல் ஒரு நேர மண்டலத்திலும் சர்வர் வேறொன்றிலும் இருந்தால், இப்போது நடந்த முயற்சி ஃபெயில்2பேனுக்கு 5 மணி 30 நிமிடம் பழையதாகத் தோன்றும். பழைய வரிகளை அது எண்ணுவதில்லை. எல்லாம் சரியாக இருந்தும் தடை மட்டும் விழாமல் நாள்கணக்கில் தவிக்க வைக்கும் கோளாறுகளில் இதுவும் ஒன்று.

3. நிறுவுதல்

'ஏபிடி இன்ஸ்டால் ஃபெயில்2பேன்' போதும். ஜர்னலைப் படிக்க வேண்டிய சர்வரில் 'பைத்தான்3-சிஸ்டம்டி' தொகுப்பும் இருக்க வேண்டும். ரெட்ஹேட் குடும்பத்தில் முதலில் இபெல் என்ற கூடுதல் தொகுப்புக் களஞ்சியத்தைச் சேர்க்க வேண்டும்.

நிறுவியவுடன் சேவை தானாகத் தொடங்க முயலும். டெபியன் 12இல் அது பெரும்பாலும் தோற்று நிற்கும், ஆத்.லாக் கோப்பைக் காணவில்லை என்று பிழை காட்டும். நிறுவல் கெட்டுவிட்டது என்று நினைத்து நீக்கி, மறுபடி நிறுவி, மறுபடி நீக்கிப் பொழுதைக் கழிக்க வேண்டாம். அடுத்த படியில் ஒரே வரியில் சரியாகிவிடும். ஆத்.லாக் இருந்தாக வேண்டும் என்பதற்காக அந்தப் பெயரில் வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கும் வழியையும் சிலர் சொல்லித் தருகிறார்கள். அப்படிச் செய்தால் சேவை தொடங்கிவிடும், ஆனால் எவரும் எழுதாத கோப்பை இரவும் பகலும் காவல் காத்துக்கொண்டிருக்கும்.

4. சொந்த அமைப்புக் கோப்பு

/இடிசி/ஃபெயில்2பேன் கோப்புறையைத் திறந்தால் ஜெயில்.கான்ஃப் என்ற நீளமான கோப்பு இருக்கும். அதைத் தொடாதீர்கள். நிரல் மேம்படும்போது அந்தக் கோப்பும் மாறும், உங்கள் திருத்தங்கள் போய்விடலாம். அதே கோப்புறையில் ஜெயில்.லோக்கல் என்ற புதிய கோப்பை உருவாக்குங்கள். இரண்டிலும் உள்ள அமைப்புகளில் லோக்கல் கோப்பில் இருப்பதே செல்லும்.

ஜெயில்.கான்ஃபை அப்படியே நகலெடுத்து ஜெயில்.லோக்கல் என்று பெயரிடும்படி பல குறிப்புகள் சொல்கின்றன. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். நகலெடுத்த நாளின் எல்லா இயல்பு மதிப்புகளும் அதில் உறைந்துவிடும், பின்னால் வரும் திருத்தங்கள் உங்களை வந்தடையாது. மாற்ற விரும்புவதை மட்டும் எழுதுங்கள். எஸ்எஸ்ஹெச்சுக்கு இவ்வளவு போதும்:

[டிஃபால்ட்]
இக்னோர்ஐபி = 127.0.0.1/8 ::1 198.51.100.24
ஃபைன்ட்டைம் = 3600
மேக்ஸ்ரீட்ரை = 5
பேன்டைம் = 3600

[எஸ்எஸ்ஹெச்டி]
எனேபிள்டு = ட்ரூ
பேக்எண்ட் = சிஸ்டம்டி
போர்ட் = 22

இக்னோர்ஐபி வரியில் மூன்றாவதாக உள்ளது மாதிரி முகவரி. அந்த இடத்தில் உங்கள் அலுவலகத்தின் நிலையான முகவரி வர வேண்டும். நிலையான முகவரி இல்லையென்றால் அதை நீக்கிவிடுங்கள்.

பேக்எண்ட் என்பது எங்கிருந்து படிக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஜர்னல் மட்டும் உள்ள சர்வருக்குச் 'சிஸ்டம்டி' என்று கொடுக்க வேண்டும். 2ஆம் படியில் ஆத்.லாக் கோப்பில் வரிகளைக் கண்டிருந்தால் அந்த வரியை விட்டுவிடலாம்.

போர்ட் (ஒரு சேவை இணைப்புகளை ஏற்கும் வாயிலின் எண்) வரியில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். எஸ்எஸ்ஹெச்சை 22இலிருந்து 2222க்கு மாற்றியிருப்பார்கள், இங்கே மாற்ற மறந்திருப்பார்கள். வரி லாக்கில் விழுகிறது, ஃபெயில்2பேன் எண்ணுகிறது, தடை போட்டதாக அறிவிக்கவும் செய்கிறது. ஆனால் தடுக்கப்படுவது யாரும் பயன்படுத்தாத 22. தாக்குபவர் 2222இல் தடையின்றித் தொடர்கிறார். தடைப் பட்டியல் நீளமாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமும் வராது. தடுத்த பிறகும் அதே முகவரியிலிருந்து புதிய முயற்சிகள் லாக்கில் தெரிந்தால் முதலில் இந்த எண்ணைப் பாருங்கள்.

ஒரு சிறு எச்சரிக்கை. மதிப்புக்குப் பக்கத்திலேயே # போட்டுக் குறிப்பு எழுதாதீர்கள். இந்தக் கோப்பில் # வரியின் தொடக்கத்தில் வந்தால்தான் குறிப்பாகக் கொள்ளப்படும். நடுவில் வந்தால் அது மதிப்பின் ஒரு பகுதியாகிவிடும். வரி நடுவே குறிப்பு எழுதியே ஆக வேண்டுமென்றால் ஓர் இடைவெளி விட்டு அரைப்புள்ளி போட்டு எழுதலாம்.

5. எண்களை யோசித்து வையுங்கள்

மேலே உள்ள 3 எண்களின் பொருள்: ஃபைன்ட்டைம் நொடிகளுக்குள் மேக்ஸ்ரீட்ரை தவறுகள் நடந்தால் பேன்டைம் நொடிகளுக்குத் தடை. இயல்பாக வருவது 10 நிமிடம், 5 தவறுகள், 10 நிமிடம்.

இயல்பை ஏன் மாற்ற வேண்டும் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஒரு தாக்கும் நிரல் 3 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் முயல்கிறது என்று வையுங்கள். எந்த 10 நிமிடத்தை எடுத்தாலும் அதிகபட்சம் 4 முயற்சிகள்தான் இருக்கும். ஐந்தாவதைத் தொடாது. நாளொன்றுக்கு 480 முயற்சிகள் செய்தும் ஒருமுறைகூடத் தடுக்கப்படாது. பொறுமையான நிரல்கள் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. அதனால்தான் ஃபைன்ட்டைமை ஒரு மணி நேரமாக்கியிருக்கிறேன்.

புதியவர்களின் கை பொதுவாக வேறு எண்ணுக்குப் போகிறது. மேக்ஸ்ரீட்ரையை 1 ஆக்கிவிடுகிறார்கள், பேன்டைமை -1 ஆக்கி நிரந்தரத் தடை போடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். விரல் தவறி ஒரு எழுத்து மாறினால் உங்கள் சக ஊழியரே வெளியே நிற்பார். ஐபி முகவரிகள் கைமாறுபவை. இன்று தாக்கிய முகவரி அடுத்த மாதம் உங்கள் வாடிக்கையாளரிடம் இருக்கலாம். இந்தியாவில் மொபைல் இணைப்புகளில் ஏராளமானோர் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவரைத் தடுத்தால் அந்த முகவரிக்குப் பின்னால் இருக்கும் எல்லோரையும் தடுக்கிறீர்கள். வலைத்தள நுழைவுப் பக்கங்களுக்குத் தடை அமைக்கும்போது இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்.

கடுமை தேவையென்றால் படிப்படியாக ஏறும் தடையைப் பயன்படுத்துங்கள். டிஃபால்ட் பகுதியில் 'பேன்டைம்.இன்க்ரிமென்ட் = ட்ரூ' என்று சேர்த்தால், அதே முகவரி மறுபடி சிக்கும்போது தடைக்காலம் பெருகும். 'பேன்டைம்.மேக்ஸ்டைம் = 604800' என்பது அதற்கு ஒரு வார உச்சவரம்பு. பழைய குற்றங்களை நிரல் தன் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறது. ஆனால் இயல்பாக ஒரு நாளுக்கு மேல் பழையவற்றை அது அழித்துவிடும். ஆகவே ஃபெயில்2பேன்.லோக்கல் என்ற கோப்பில், அதற்குரிய பகுதித் தலைப்பான டெஃபினிஷன் (இதன் முதல் எழுத்து மட்டும் பெரியது) என்பதன் கீழ், டிபிபர்ஜ்ஏஜ் மதிப்பை 648000 என்று உயர்த்துங்கள். இது ஏழரை நாள். இதைச் செய்யாதவர்களின் சர்வரில் தடைக்காலம் ஏறுவதும், நினைவு அழிந்து மறுபடி தொடக்கத்துக்கே திரும்புவதுமாக இருக்கும்.

6. ஃபில்டரைச் சோதித்துவிட்டுத் தொடக்குங்கள்

எந்த வரியைத் தவறான முயற்சியாக எண்ண வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஃபில்டர். ஃபில்டர்.டி கோப்புறையில் எஸ்எஸ்ஹெச்டி உட்பட பலவற்றுக்கு ஆயத்தமாக இருக்கின்றன. அது உங்கள் லாக்கோடு பொருந்துகிறதா என்று பார்க்கத் தனிக் கருவியே உண்டு: 'ஃபெயில்2பேன்-ரீஜெக்ஸ் சிஸ்டம்டி-ஜர்னல் எஸ்எஸ்ஹெச்டி'. கோப்பாக இருந்தால் ஜர்னலின் இடத்தில் கோப்பின் பாதையைக் கொடுங்கள். இது யாரையும் தடுக்காது, எண்ணி மட்டும் காட்டும்.

விடையின் கடைசியில் எத்தனை வரிகள் பொருந்தின, எத்தனை தவறின என்று வரும். 2ஆம் படியில் நீங்கள் செய்த முயற்சி பொருந்தியவற்றில் இருக்க வேண்டும். பொருந்தியவை 0 என்றால் மேலே செல்லாதீர்கள்.

பொருந்தாமல் போவதற்கு அண்மைக் காலத்தில் ஒரு முக்கியக் காரணம் உண்டு. 2024 ஜூலையில் வெளிவந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.8, நிரலை இரண்டாகப் பிரித்தது. நுழைவு முயற்சிகளைப் பதிவு செய்வது இப்போது 'எஸ்எஸ்ஹெச்டி-செஷன்' என்ற பெயரில். பழைய ஃபில்டர் 'எஸ்எஸ்ஹெச்டி' என்ற பெயரை மட்டும் தேடினால் ஒரு வரிகூடக் கண்ணில் படாது. ஃபெயில்2பேன் தொகுப்பை மேம்படுத்துவதே இதற்குச் சரியான தீர்வு.

பிறகு 'ஃபெயில்2பேன்-கிளையன்ட் -டி' என்று கொடுத்து அமைப்புக் கோப்பில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். இந்த 'டி' சிறிய எழுத்து, ஆங்கிலத்தில் டெஸ்ட் என்பதன் முதல் எழுத்து. பிழை இல்லையென்று வந்தால் மட்டும் 'சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் ஃபெயில்2பேன்'.

7. உண்மையான தடை ஒன்றைப் போட்டுப் பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். சேவை பச்சையாக இயங்குவதாகக் காட்டுவதும், தடை விழுவதும் ஒன்றல்ல.

மறுபடி மொபைல் இணைப்பை எடுங்கள். நீங்கள் வேலை செய்யும் இணைப்பிலிருந்து இதைச் செய்யக் கூடாது, வேறு முகவரி கட்டாயம். இல்லாத பயனர் பெயரால் திரும்பத் திரும்ப முயலுங்கள். இடையில் சர்வரில் 'ஃபெயில்2பேன்-கிளையன்ட் ஸ்டேட்டஸ் எஸ்எஸ்ஹெச்டி' என்று கேட்டுக்கொண்டே இருங்கள். தோல்வி எண்ணிக்கை ஏற வேண்டும். எல்லையைத் தொட்டதும் உங்கள் மொபைலின் முகவரி தடைப் பட்டியலில் வர வேண்டும்.

அதோடு நிற்காமல் மொபைலிலிருந்து இன்னொரு முறை முயலுங்கள். கடவுச்சொல் கேட்கும் இடத்துக்கே போகாமல் இணைப்பு மறுக்கப்பட வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தும் மொபைலால் இணைய முடிந்தால் ஃபயர்வால் பக்கம் கோளாறு. போர்ட் எண்ணைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன். இன்னொரு காரணம், நிரல்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர். டாக்கர் கன்டெய்னருக்குள் ஓடும் சேவைக்கான போக்குவரத்து ஃபயர்வாலின் இன்புட் சங்கிலி (சர்வருக்கே வரும் போக்குவரத்துக்கான விதித் தொகுப்பு) வழியாகச் செல்வதில்லை. ஃபெயில்2பேன் இயல்பாக விதியைச் செருகுவதோ அங்கேதான். அந்தச் சேவைக்கான ஜெயிலின் (ஒவ்வொரு சேவைக்கும் தனியாக வைக்கும் காவல் அமைப்பை ஃபெயில்2பேன் ஜெயில் என்கிறது) பகுதியில் 'செயின் = டாக்கர்-யூசர்' என்று எழுத வேண்டும். டாக்கர்-யூசர் என்பதைப் பெரிய எழுத்துகளில் அடியுங்கள்.

சோதனை முடிந்ததும் 'ஃபெயில்2பேன்-கிளையன்ட் செட் எஸ்எஸ்ஹெச்டி அன்பேன்ஐபி' என்று தந்து, அதன்பின் முகவரியைக் கொடுத்துத் தடையை நீக்குங்கள். இந்தக் கட்டளையை ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது.

8. எஸ்எஸ்ஹெச் நிலைத்த பிறகே மற்றவை

ஒரு வாரம் எஸ்எஸ்ஹெச் ஜெயில் மட்டும் ஓடட்டும். அதன் பிறகு வலை சர்வர், மின்னஞ்சல் என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். ஒரே நாளில் பத்து ஜெயிலைத் திறந்தால் எது யாரைத் தடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

மின்னஞ்சலுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஒரு சிறிய அலுவலகத்தில் ஓர் ஊழியர் கடவுச்சொல்லை மாற்றினார், தன் கைப்பேசியில் மாற்ற மறந்துவிட்டார். கைப்பேசி சில நிமிடங்களுக்கு ஒருமுறை பழைய கடவுச்சொல்லோடு முயன்றுகொண்டே இருந்தது. அலுவலகம் முழுவதற்கும் ஒரே பொது முகவரி என்பதால் காலை 11 மணிக்கு எல்லோருக்கும் மின்னஞ்சல் நின்றுவிட்டது. இணைய நிறுவனத்தைத் திட்டிக்கொண்டு ரூட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டார்கள். மின்னஞ்சல் ஜெயிலுக்கு மேக்ஸ்ரீட்ரையை உயர்த்தி, அலுவலக முகவரியை இக்னோர்ஐபியில் சேர்த்த பிறகுதான் ஓய்ந்தது.

வலைத்தளம் க்ளவுட்ஃப்ளேர் போன்ற இடைச்சேவைக்குப் பின்னால் இருந்தால், வலை சர்வரின் லாக்கில் பார்வையாளரின் உண்மை முகவரி பதிவாகும்படி முதலில் அமைக்க வேண்டும். அது மட்டும் போதாது. லாக்கில் உண்மை முகவரி இருந்தாலும், சர்வரைத் தொடும் இணைப்புகள் அந்த இடைச்சேவையின் முகவரியிலிருந்துதான் வருகின்றன. ஃபயர்வாலுக்குத் தெரிவதும் அதுதான். எனவே தடையை அந்தச் சேவையிடமே சொல்லிப் போட வேண்டும். ஆக்‌ஷன்.டி கோப்புறையில் க்ளவுட்ஃப்ளேருக்கான செயல் ஆயத்தமாக இருக்கிறது.

சொந்தமாக ஃபில்டர் எழுதப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபில்டர் தேடும் வடிவம் லாக் வரியின் தொடக்கத்திலிருந்தே பொருந்தும்படி கட்டிப்போடுங்கள். பயனர் பெயர் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்பது தாக்குபவரின் கையில் இருக்கிறது. அவர் அங்கே வேறொருவரின் ஐபி முகவரியை எழுதி, உங்கள் தளர்வான ஃபில்டர் அதைப் பிடித்துக்கொண்டால், தான் நினைத்த எவரையும் உங்கள் கையாலேயே தடுக்க வைத்துவிடுவார்.

9. நீங்களே வெளியே பூட்டப்பட்டால்

பதற வேண்டாம். முதலில் மொபைல் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறி முயலுங்கள், முகவரி வேறு என்பதால் பெரும்பாலும் உள்ளே போய்விடலாம். இல்லையென்றால் 1ஆம் படியின் கன்சோல். உள்ளே போனதும் அன்பேன்ஐபி கட்டளை. சேவையை நிறுத்தித் தொடக்கினால் தடை நீங்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தடைகள் தரவுத்தளத்தில் இருப்பதால் தொடங்கியதும் திரும்பப் போடப்படும். எல்லாவற்றையும் ஒருசேர நீக்க 'ஃபெயில்2பேன்-கிளையன்ட் அன்பேன் --ஆல்'.

10. தொடர்ந்து கவனிக்க வேண்டியவை

வாரம் ஒருமுறை ஸ்டேட்டஸ் கட்டளையைப் பாருங்கள். இணையத்தில் திறந்திருக்கும் சர்வரில் மொத்தத் தோல்விகள் 0 என்று இருந்தால் மகிழ்ச்சியடையாதீர்கள், லாக்கும் ஃபில்டரும் பிரிந்துவிட்டன என்றே சந்தேகியுங்கள். /வார்/லாக்/ஃபெயில்2பேன்.லாக் கோப்பில் ஒரே முகவரி 'ஆல்ரெடி பேன்டு' என்ற குறிப்போடு திரும்பத் திரும்ப வந்தால் தடை பட்டியலில் மட்டும் இருக்கிறது, ஃபயர்வாலில் செயல்படவில்லை.

இயங்குதளத்தையோ எஸ்எஸ்ஹெச்சையோ மேம்படுத்தும் ஒவ்வொரு முறையும் 6ஆம், 7ஆம் படிகளை மறுபடி செய்யுங்கள். லாக் வரியில் ஒரு சொல் மாறினாலும் காவல் சத்தமில்லாமல் நின்றுவிடும், சேவை மட்டும் இயங்கிக்கொண்டே இருக்கும்.